டெலிட்டா, லாக்கா, கிளீனா? ஓசூர் வேலைக்குப் போகும் முன் இன்ஸ்டாவை என்ன செய்வது

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடமாகிறது. ஓசூரில் ஒரு கம்பெனியில் முதல் சுற்று முடிந்து, வியாழக்கிழமை இரண்டாவது சுற்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தானே என்றால் குரலில் சுரத்தே இல்லை. அவர்கள் அனுப்பிய படிவத்தில் அப்பா பெயர், ஆதார் எண், ரத்த வகை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் "சமூக வலைதள ஐடி" என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். "மாமா, பேசாம எல்லா அக்கவுண்டையும் டெலிட் பண்ணிடட்டுமா?" என்றான்.

அவன் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் எச்.ஆர். பிரிவில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். பெயரையும் ஊரையும் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் "பரவாயில்லை சார்", "வேண்டாம் சார்" என்று சொன்ன பாவத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது. போனில் அவனிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில், எல்லாரும் பார்ப்பதில்லை. கான்ட்ராக்டில் லைனுக்கு ஆள் எடுக்கிறவருக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், நாளைக்கு ஷிப்டுக்கு வருவாயா என்ற மூன்றும் போதும், உன் ரீல்ஸை அவர் ஏன் பார்க்கப் போகிறார். பெங்களூர் ஐ.டி. கம்பெனி என்றால் வெளி ஏஜென்சி வைத்துச் சான்றிதழ், பழைய கம்பெனி, முகவரி, கோர்ட் கேஸ் என்று சரிபார்ப்பார்கள், சில இடங்களில் அந்தப் பட்டியலில் சமூக வலைதளமும் சேரும். அரசு வேலைக்குப் போலீஸ் சரிபார்ப்பு, அங்கே கேள்வி வழக்கு இருக்கிறதா என்பதுதான். நடுவில் இருப்பதுதான் சிக்கல்: டிரெய்னி, சூப்பர்வைசர், குவாலிட்டி, ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ். இதற்கெல்லாம் முறையான விதி எதுவும் கிடையாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் கிடைத்தால் என்னை மாதிரி ஒருவன் தேடிப் பார்ப்பான், கிடைக்காவிட்டால் பார்க்க மாட்டான். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

அந்தப் பத்து நிமிடம் பேஸ்புக்கில் தொடங்குவதும் இல்லை. ரெஸ்யூம் வாட்ஸ்அப்பில்தான் வரும். பிடிஎஃப் திறப்பதற்கு முன்பே டிபி தெரிந்துவிடும். ட்ரூகாலர் உன்னை என்ன பெயரில் காட்டுகிறது என்பது அதற்கடுத்து, நீயே போய் மாற்றி வைக்கவில்லை என்றால் மற்றவர்கள் போனில் உன்னை எப்படிப் பதிந்திருக்கிறார்களோ அப்படி வந்துவிடலாம். அப்புறம் ஸ்டேட்டஸ். நீ என் எண்ணை "ஓசூர் எச்ஆர் சார்" என்று சேமிப்பாய், நான் உன் எண்ணைப் பெயரோடு சேமித்திருப்பேன், நீ செட்டிங்கில் கை வைக்கவில்லை என்றால் உன் ஸ்டேட்டஸ் எல்லாம் என் போனில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். ஒரு முறை ஒருவர் காலை எட்டரைக்கு "சார், காய்ச்சல், இன்டர்வியூவுக்கு வர முடியவில்லை" என்று செய்தி அனுப்பினார். பத்தேகாலுக்கு ஸ்டேட்டஸில் ஒகேனக்கல், பாறை மேல் உட்கார்ந்து உடம்பெல்லாம் எண்ணெய். அன்றைக்கு ஆடிப்பெருக்கு. அந்த நாளில் தர்மபுரிக்காரனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது எங்கள் தப்பு என்று எனக்குத் தோன்றியதால் மேனேஜரிடம் சொல்லவில்லை, வேறு தேதி போட்டுக் கொடுத்தேன். இன்னொருவனாக இருந்தால் சொல்லியிருப்பான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்பதுதான் பயந்தவுடன் தோன்றும் வழி. வியாழக்கிழமை இன்டர்வியூவை வைத்துக்கொண்டு இதைச் செய்வதில் முதல் ஓட்டை நாள் கணக்கு. பேஸ்புக்கும் இன்ஸ்டாவும் டெலிட் கொடுத்தால் 30 நாள் அவகாசம் வைத்திருக்கின்றன, மனசு மாறித் திரும்ப வரட்டும் என்று. நடுவில் உள்ளே நுழைந்து டெலிட்டை ரத்து செய்தால் பழைய குப்பையெல்லாம் அப்படியே திரும்பி வந்துவிடும். முழுதாகத் துடைக்க 90 நாள் வரை ஆகலாம் என்று பேஸ்புக்கே சொல்கிறது. ஆனால் டெலிட் கொடுத்த அன்றே மற்றவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும், அதனால் இதை ஒரு பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். பெரிய குறை வேறு. நீ போட்டதுதான் போகும், உன்னை வைத்து மற்றவர்கள் போட்டது போகாது. டிக்டாக்கை 2020 ஜூன் 29 அன்று தடை செய்தார்கள், ஆப்பே போய்விட்டது, ஆனாலும் அந்தக் காலத்து வீடியோக்களை யாரோ இறக்கி வைத்து யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது, அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் கம்பெனியில் குவாலிட்டி பிரிவுக்கு ஓர் இடம் காலியானது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் விண்ணப்பித்திருந்தார், மதிப்பெண் நன்றாக இருந்தது, முதல் சுற்றில் நன்றாகவே பேசியிருந்தார். பேஸ்புக்கில் தேடினேன். அதே பெயர், அதே இனிஷியல், ஊர் காரிமங்கலம், வயதும் ஏறக்குறைய அதேதான். உள்ளே போனால் ஒரு அரசியல் பக்கத்தின் கீழே பெண்களைப் பற்றி எழுதக் கூசும் வார்த்தைகள், ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. புரொஃபைல் படத்தில் ஒரு நடிகர். மேனேஜரிடம் "வேண்டாம் சார்" என்றேன், அவரும் ஏன் என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து அதே ஆள் கான்ட்ராக்டில் பேக்கிங் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தார், கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் ஏதோ உறுத்தி அந்த பேஸ்புக் கணக்கை மறுபடியும் திறந்து பழைய போட்டோக்கள் வரை கீழே இறங்கிப் பார்த்தேன். முகம் வேறு. அது வேறொருவர். இவருக்கு பேஸ்புக் கணக்கே இருந்ததாகத் தெரியவில்லை. குவாலிட்டியில் வாங்கியிருக்க வேண்டிய சம்பளம் ஒன்று, பேக்கிங்கில் அவர் வாங்கிய கூலி ஒன்று. அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை.

நம் பெயர் வைக்கும் வழக்கத்தில் இது சுலபமாக நடக்கும். குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்து இனிஷியல், ஊருக்கு நாலு மணிகண்டன், ஆறு சக்திவேல். நீ உன் கணக்கை அழித்துவிட்டால் உன் பெயரைத் தேடுகிறவனுக்கு முதலில் கிடைப்பது உன் பெயர் கொண்ட இன்னொருவன். நாற்காலியை நீ காலி செய்தால் அதில் அவன் உட்கார்ந்துகொள்வான். டெலிட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். அமெரிக்காவில் கேரியர்பில்டர் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018-ல் எடுத்த கணக்கில் 70 சதவீத நிறுவனங்கள் ஆள் எடுக்குமுன் சமூக வலைதளம் பார்ப்பதாகச் சொன்னார்கள், 47 சதவீதம் பேர் ஒருவரை ஆன்லைனில் காணவே முடியவில்லை என்றால் கூப்பிடக் கொஞ்சம் யோசிப்போம் என்றார்கள். அந்தக் கணக்கு சிப்காட்டுக்கு அப்படியே பொருந்தாது. கணக்கு இல்லை என்பதற்காக ஓசூரில் யாரையும் நான் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் ஆள் மாறிப் போய்விட்டதற்கு நானே சாட்சி.

டெலிட் சரிதான் என்று சொல்லக்கூடிய இடமும் இருக்கிறது. யாராவது உன் போட்டோவை எடுத்து விளையாடுகிறான், தொந்தரவு செய்கிறான் என்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930 என்ற சைபர் உதவி எண்ணிலோ சைபர் கிரைம் போலீஸிலோ புகார் கொடுத்துவிட்டு, அப்புறம் அழி. வேலைக்காக அல்ல, உன் நிம்மதிக்காக.

அடுத்தது பூட்டுவது. பேஸ்புக்கில் புரொஃபைல் லாக் 2020 மே மாதம் இந்தியாவுக்கு வந்தது, ஒரே தட்டில் பழைய போஸ்ட் உட்பட எல்லாம் நண்பர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். இன்ஸ்டாவில் பிரைவேட். இரண்டும் இரண்டு நிமிட வேலை, செலவில்லை, பின்னால் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். குறிப்பாகப் பெண்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். ஓசூரைச் சுற்றி எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு டிபியில் ஒரு ரோஜாப்பூவோ அண்ணன் குழந்தையோ இருக்கும். முகத்தை மறைப்பதால் ஏதோ ஒளிக்கிறாள் என்று நினைக்கிற எச்.ஆர். ஊரைப் புரிந்துகொள்ளாதவன்.

ஆனால் பூட்டு எதைப் பூட்டாது என்பதையும் பார்க்க வேண்டும். பொதுப் பக்கங்களின் கீழே நீ போட்ட கமெண்ட்டைப் பூட்டாது. சினிமாச் சண்டை, கட்சிச் சண்டை, கிரிக்கெட் சண்டை எல்லாம் உன் பெயரோடு அங்கேயே கிடக்கும். புரொஃபைல் படம், பயோ, இன்ஸ்டாவில் பெயருக்குக் கீழே எழுதிய அந்த நாலு வரி, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நண்பன் அவன் பக்கத்தில் போட்டு உன்னை டேக் செய்தது அவன் செட்டிங்கைப் பொறுத்தது. போதாக்குறைக்கு ஓசூர் சின்ன ஊர். எங்கள் ஆபீசில் டேட்டா என்ட்ரி செய்த பையன் பர்கூர் கல்லூரியில் படித்தவன், அந்தக் கல்லூரி ரெஸ்யூம் வந்தால் "இவன் என் ஜூனியர் சார், நான் ஃபாலோ பண்றேன்" என்று பூட்டைத் திறந்து காட்டிவிடுவான். நான் கேட்காமலே.

இன்னொன்று, இது எல்லாருக்குமானது இல்லை: மேற்படிப்புக்கு அமெரிக்கா போகும் எண்ணமிருந்தால், 2025 ஜூனிலிருந்து மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பூட்டாமல் பொதுவில் வைக்கச் சொல்கிறார்கள், வேலைக்குப் போகிறவர்களின் எச்-1பி விசாவுக்கும் அந்த டிசம்பரில் அதைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பூட்டு ஒரு தற்காலிக ஏற்பாடுதான்.

மூன்றாவது, திறந்தே வைத்துவிட்டு உள்ளே துடைப்பது. இதுதான் அதிக வேலை, ஆனால் பலனும் இதில்தான். பேஸ்புக்கில் ஆக்டிவிட்டி லாக், இன்ஸ்டாவில் யுவர் ஆக்டிவிட்டி என்று இருக்கும், அதற்குள் போனால் நீ போட்ட கமெண்ட்டுகள் எல்லாம் தேதி வாரியாக வரும், மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம். போட்டோவை விடக் கமெண்ட்டைத்தான் முதலில் துடைக்கச் சொல்வேன். போட்டோ போடும்போது நாம் ஒரு முறை யோசிக்கிறோம், கமெண்ட் போடும்போது யோசிப்பதே இல்லை.

எதைத் துடைப்பது? ஜாதிப் பெருமை ரீல்ஸ், முதலில் அது. 2012-ல் நாயக்கன்கொட்டாய் பக்கம் ஜாதிக் கலவரத்தில் வீடுகள் எரிந்ததை மறக்காத மாவட்டம் எங்கள் தர்மபுரி. ஒரே லைனில் எல்லா ஊர்க்காரர்களும் தோளோடு தோள் நின்று வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு ஆள் எடுக்கிறவன், அருவாள் எமோஜியும் "ஆண்ட பரம்பரை" பாட்டும் போட்டவனைப் பார்த்தால் பயப்படுவான், பயப்படுவது நியாயமும்கூட. அப்புறம் பழைய முதலாளியை, பழைய வாத்தியாரைத் திட்டியது. பெண்களைக் கேவலமாகப் பேசிய எதுவும். இந்த மூன்றைத் தவிர மற்றதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஒரு கட்சிக்காரனாக இருப்பதோ, நடிகருக்குப் பாலாபிஷேகம் செய்வதோ, மாரியம்மன் பண்டிகையில் ஆடுவதோ வேலையைக் கெடுக்காது.

காளைதான் குழப்பம். என் அக்கா மகனுக்குக் காளை என்றால் உயிர், எருது விடும் விழா எங்கே நடந்தாலும் போய்விடுவான். அவன் இன்ஸ்டாவில் பாதி அதுதான். 2023 பிப்ரவரியில் சூளகிரி பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமாகிறது என்று தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்களே, கல்வீச்சு, தடியடி என்று போனதே, அந்த நாளின் வீடியோ ஒன்றையும் எவனோ அனுப்பியதை எடுத்து "எங்க ஊரு கெத்து" என்று போட்டு வைத்திருக்கிறான். இவன் அன்று பாலக்கோட்டில் அவன் அம்மாவோடு மார்க்கெட்டில் தக்காளிக் கூடை இறக்கிக்கொண்டிருந்தான், எனக்குத் தெரியும். பார்க்கிறவனுக்குத் தெரியுமா? வீடியோவைப் பகிர்ந்தவன் வேறு, கல்லை எடுத்தவன் வேறு என்று பத்து நிமிடத்தில் எவன் பிரித்துப் பார்ப்பான். அதனால் காளை ஓடுவது இருக்கட்டும், ரோட்டு மறியல் போகட்டும் என்றேன்.

துடைத்துவிட்டுத் திறந்து வைப்பதிலும் ஒரு முள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஜாதி என்ன, மதம் என்ன என்று இன்டர்வியூவில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, திறந்த புரொஃபைலில் குலதெய்வக் கோயில், தலைவர் படம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் அக்விஸ்டி, ஃபாங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 4,000-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பொய் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ரெஸ்யூமில் மதம் பற்றி எதுவும் கிடையாது, சமூக வலைதளத்தில் மட்டும் ஒருவர் கிறிஸ்தவர் என்றும் ஒருவர் முஸ்லிம் என்றும் தெரியும்படி வைத்தார்கள். குடியரசுக் கட்சி செல்வாக்குள்ள பகுதிகளில் முஸ்லிம் விண்ணப்பதாரரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது குறைவு. இங்கே ஜாதி வைத்து யாராவது அப்படி ஒரு சோதனை செய்தால் என்ன வரும் என்று நான் யோசித்துப் பார்க்க விரும்பவில்லை, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன்.

பார்ப்பதால் நல்ல ஆள் கிடைக்கிறானா என்றால் அதுவும் இல்லை. வான் இடகிங்கே என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஆள் எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கல்லூரி மாணவர்களின் பேஸ்புக்கைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள், பின்னால் அந்த மாணவர்கள் வேலைக்குப் போன பிறகு மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான் ஐந்து வருடமாகச் செய்ததும் ஏறக்குறைய கிளி ஜோசியம்தான்.

சட்டம் காப்பாற்றாதா என்று அக்கா கேட்டாள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆனால் ஒருவர் தானாகவே பொதுவில் போட்டுவைத்த தகவலுக்கு அது பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவே சொல்கிறது. திறந்து வைத்ததைப் பார்த்தார்கள் என்று புகார் சொல்ல வழியில்லை. பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடு என்றேன். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலம் 2012-லேயே முதல் ஆளாக அதைத் தடை செய்துவிட்டது, நம் ஊரில் அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஆனால் இன்டர்வியூவில் பாஸ்வேர்டு கேட்கிற கம்பெனி, சேர்ந்த பிறகு என்னென்ன கேட்குமோ.

நான்காவது வழி ஒன்றை இவன் நண்பன் சொல்லிக் கொடுத்திருக்கிறான்: புதிதாக ஒரு நல்ல பிள்ளைக் கணக்கு. கோட்டு சூட்டுப் படம், கலாம் ஐயா சொல்லாததையெல்லாம் அவர் சொன்னதாகப் பத்துப் பொன்மொழி, பதினோரு ஃபாலோயர்ஸ். சிரிப்புதான் வரும். இன்ஸ்டாவில் பல கணக்குகளுக்கு எந்த மாதம் தொடங்கியது என்பதே தெரியும், எச்.ஆர். போனில் உன் எண் இருந்தால் உன் பழைய கணக்கையும் "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று இன்ஸ்டாவே கொண்டுவந்து நீட்டக்கூடும்.

ஆனால் அந்த யோசனைக்குள் ஒரு நல்ல விதை இருக்கிறது. வேலை சம்பந்தமாக மட்டும் ஒரு திறந்த இடம் வேண்டும், லிங்க்ட்இன் போதும், அதில் உன் சொந்த முகமும் ஊரும் கல்லூரியும் இருக்க வேண்டும், இன்னொரு மணிகண்டனோடு குழம்பாமலிருக்க. இவன் இறுதியாண்டில் தக்காளியை அளவு வாரியாகப் பிரிக்கிற சின்ன கன்வேயர் ஒன்று செய்தான், பாலக்கோடு மார்க்கெட்டில் ஒரு மண்டியில் வைத்து ஓட்டியும் காட்டினான், நாலாவது கூடையில் மோட்டார் சூடாகி நின்றுவிட்டது. அந்த வீடியோ போனில் தூங்குகிறது. அதைப் போடு, மோட்டார் ஏன் நின்றது, அப்புறம் என்ன மாற்றினாய் என்பதையும் சேர்த்து எழுது என்றேன். ஒரு முறை களை எடுக்கும் பவர் வீடரைப் பிரித்து மாட்டும் வீடியோ போட்டிருந்த ஒரு பையனை மெயின்டனன்ஸ் மேனேஜர் தன் கேபினுக்கே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதைப் பார்த்திருக்கிறேன். சமூக வலைதளத்தால் ஒருவருக்கு நல்லது நடந்து நான் கண்ணால் பார்த்தது அது ஒன்றுதான்.

ஆக, நான் அவனுக்குச் சொன்னது கலவை: இன்ஸ்டா, பேஸ்புக் இரண்டையும் பூட்டு, கமெண்ட்டைத் துடை, லிங்க்ட்இன்னைத் திற, டெலிட்டை மற. வாட்ஸ்அப் டிபியில் காளையும் நீயும் கூலிங் கிளாஸோடு நிற்கிறீர்கள், அதை மாற்று. படிவத்தின் அந்தக் கட்டத்தில் லிங்க்ட்இன் மட்டும் எழுது, "எதுவும் இல்லை" என்று எழுதாதே. ரீல்ஸுக்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்புவது கஷ்டம், படிவத்தில் பொய் எழுதினான் என்று அனுப்புவது சுலபம். அரசு வேலைக்கான படிவத்திலும் இதே கதைதான், வழக்கு இருப்பதை மறைத்தால் அதுவே பெரிய சிக்கலாகிவிடும், அற்ப வழக்காக இருந்தால் மறைத்ததை மன்னிப்பதும் மன்னிக்காததும் வேலை கொடுப்பவர் கையில், 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருக்கிறது.

புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு மறுபடி போன். "மாமா, 2020 லாக்டவுன்ல நான் இவ்வளவு கெட்ட வார்த்தை பேசியிருக்கேனா?" என்றான். பேசியிருக்கிறாய் மாப்ளே, எல்லாரும்தான் பேசியிருக்கிறோம், அழித்துவிட்டுத் தூங்கு, காலையில் ஆறு மணிக்கு பஸ் என்றேன்.

வியாழக்கிழமை இன்டர்வியூவில் இன்ஸ்டா பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, எவ்வளவு, மைக்ரோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்டார்களாம், 0.02, 0.01 மில்லிமீட்டர் என்று சரியாகச் சொல்லியிருக்கிறான். பதில் அடுத்த வாரம் சொல்கிறார்களாம். டிபியை மாற்றிவிட்டான். அவன் இல்லை, இப்போது காளை மட்டும் தனியாக நிற்கிறது.